ஒகினாவாவின் சுண்ணாம்புப் பாறைக் கரைக்குப் போகும் முன்: முந்தின இரவிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் கூட்டிப்போகும் இடம் சன்பா முனை. ஜப்பானின் ஒகினாவாத் தீவின் மேற்குக் கரையில், யோமிதான் கிராமத்தின் ஓரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. முப்பது மீட்டர் வரை உயரும் செங்குத்துப் பாறை ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்கு ஓடுகிறது. நுனியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம்.

இதுவரை பதினைந்து இருபது பேரையாவது கூட்டிப்போயிருப்பேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். கார் நின்றதும் கதவைத் திறந்து நேரே விளிம்புக்கு நடக்கிறார்கள். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி வரிசையைப் பற்றியது. படிகளை முன்பின் மாற்றாமல் செய்யுங்கள்.

1. இடத்தை அல்ல, காற்றை முதலில் பாருங்கள்

தீவு நீளமானது, ஆனால் ஒடுங்கலானது. பல இடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் காரில் அரை மணி நேரம் போதும். ஒரு பக்கம் கடல் கொதித்தால் மறுபக்கம் பெரும்பாலும் சாதுவாக இருக்கும்.

ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காற்று வீசும். அப்போது சன்பா, அதே மேற்குக் கரையில் இருக்கும் மன்சாமோ பாறை, தீவின் வடகோடியில் உள்ள ஹெடோ முனை மூன்றும் அடி வாங்கும். அந்த மாதங்களில் தெற்குக் கரைக்குப் போங்கள். கோடையில் தெற்குக் காற்று. மேற்குக் கரை குளம் மாதிரி கிடக்கும், தெற்கே கியான் முனையில் அலை உடையும்.

பலர் செய்வது என்ன? படத்தில் பார்த்த ஓர் இடத்தை மனதில் முடிவு செய்துவிட்டு, காற்று எப்படி இருந்தாலும் அங்கேயே போகிறார்கள். இரண்டு கரைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, காலையில் ஒன்றைத் தேருங்கள்.

கியான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரில், 1945-இல் இங்கே நடந்த சண்டையின் கடைசி நாட்களில் அந்தப் பாறைகளிலிருந்து பொதுமக்கள் பலர் குதித்து இறந்தார்கள். நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். தீவில் இன்றும் வெடிக்காத குண்டுகள் கிடைத்துக்கொண்டிருக்கின்றன, ஆகவே பாறை இடுக்கில் துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதீர்கள்.

2. முந்தின இரவு: அலை, உனேரி, ஓதம்

ஜப்பான் வானிலை நிறுவனத்தின் முன்னறிவிப்பில் காற்றுக்குக் கீழே அலையின் உயரம் இருக்கும். 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 1.5 மீட்டர் என்று அர்த்தமில்லை, அதற்கு மேல் வராது என்றும் அர்த்தமில்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அந்த எண். நூறு அலையில் ஒன்று அதைப்போல் ஒன்றரை மடங்கு எழும். ஆயிரத்தில் ஒன்று கிட்டத்தட்ட இரு மடங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு விநாடிக்கு ஓர் அலை என்றால் ஆயிரம் அலைக்கு இரண்டே கால் மணி நேரம் போதும். சோற்று மூட்டையைப் பிரித்து வைத்து நிதானமாகச் சாப்பிட்டு எழுகிற நேரம்தான். அதற்குள் 3 மீட்டர் அலை ஒன்று வந்தால் அதை அதிசயம் என்று சொல்ல முடியாது. 'திடீரென்று பெரிய அலை வந்தது' என்பார்கள். அது வரவேண்டிய அலைதான்.

அடுத்து 'உனேரி' என்ற சொல்லைத் தேடுங்கள். தூரத்துப் புயல் எழுப்பி அனுப்பும் நீண்ட அலைக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர். குமரி மாவட்டத்தில் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை கேட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம், அதே குணம். புயல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். இங்கே வானம் நீலம், காற்றே இல்லை, கடல் எண்ணெய் தடவியது மாதிரி மினுங்கும். அந்த மினுக்கத்துக்குள்ளிருந்து ஓர் அலை வந்து பாறைமேல் ஏறும். புயல்கள் மிகுந்த ஜூலை முதல் அக்டோபர் வரை, வானம் தெளிந்திருக்கும் நாளில்தான் எனக்குப் பயம் அதிகம்.

நான் வைத்திருக்கும் அளவு இது. அறிவிப்பு 1 மீட்டருக்குள், உனேரி இல்லை என்றால் மட்டும் பாறையில் இறங்குவேன். 1 முதல் 2 மீட்டர் என்றால் மேலே நடைபாதையோடு சரி. அதற்கு மேல் போனாலோ, உனேரி என்று இருந்தாலோ, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இரண்டு சொற்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: 'ஹரோ சூயிஹோ' என்றால் அலை முன்னெச்சரிக்கை, 'ஹரோ கெய்ஹோ' என்றால் அலை அபாய எச்சரிக்கை. இரண்டாவது வந்த நாளில் கரைப் பக்கமே வேண்டாம்.

மூன்றாவது ஓதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் ஏறி இறங்கும். நாஹா துறைமுகத்தின் ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றம் முழுமையாகும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் இறங்கி, அந்த நேரம் வந்ததும் மேலேறுங்கள். வற்றிய பிறகு இறங்கினால் திரும்பும் வழியில் கடல் உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். இவ்வூர்க்காரர்கள் சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் 'ஹமாஉரி' என்று குடும்பத்தோடு கரைக்கு இறங்குகிறார்கள். நம் கணக்கில் வளர்பிறைத் திரிதியை வாக்கில் வரும். கடல் நன்றாக வற்றுகிற நாள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

3. காலில் தொடங்கி உடுப்பு

ரப்பர் செருப்பு கூடாது. என் சித்தப்பா 'ராமேஸ்வரத்துல போடாத செருப்பா' என்று இறங்கினார். மூன்றாவது அடியில் பாறையின் முனை செருப்பின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து நின்றது, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில். விரலில் கீறல்கூட இல்லை. அதற்கப்புறம் அவர் காரை விட்டு இறங்கவில்லை.

- காலணி: அடிப்பாகம் தடித்த, விரலை மூடிய நடைக்காலணி. ஓட்டப்பயிற்சிக் காலணியின் மெல்லிய வலைத்துணி இந்தப் பாறையில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.
- கையுறை: பருத்தி நூலில் பின்னிய வேலைக் கையுறை, இங்கே 'குன்தே' என்பார்கள். எந்தக் கன்வீனியன்ஸ் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். தடுமாறினால் முதலில் போய் ஊன்றுவது கைதான். காயங்கள் பல உள்ளங்கையில்தான் வருகின்றன.
- உடை: நைலான் முழுக்காற்சட்டை. ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும். சேலை, துப்பட்டா, வேட்டி மூன்றும் காற்றில் கண்ணை மறைக்கும், முனையில் சிக்கும்.
- தண்ணீர்: ஆளுக்கு 2 லிட்டர். பாறையில் நிழல் என்பதே இல்லை, கீழிருந்தும் வெயில் அடிக்கும்.
- முதுகுப்பை: கைப்பை வேண்டாம். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.
- மிதவைச் சட்டை: பாறையில் இறங்குவதென்றால் ஒவ்வொருவருக்கும். இங்கே அனுபவமுள்ள மீன்பிடிப்பவர்கள் நிற்கும்போதே அதைப் போட்டிருப்பார்கள். வெயிலுக்குப் போட்டதல்ல.

4. சாலை

இந்தியாவில் எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இங்கே செல்லும். வண்டி இடப்பக்கம்தான். 1978 ஜூலை 30 அன்றுதான் ஒகினாவா வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியது. மழை பெய்தால் வேகத்தைக் குறையுங்கள். இவ்வூர்ச் சாலைத் தாரில் சுண்ணாம்புக்கல் கலந்திருப்பதால் தேய்ந்த இடங்களில் நன்றாகவே வழுக்கும். ஹெடோவுக்குப் போனால் நாகோ நகரைத் தாண்டியபின் வடக்குக் காட்டில், பறக்கத் தெரியாத 'யம்பரு குயினா' பறவை ரோட்டில் குறுக்கிடும். அறிவிப்புப் பலகைகள் இருக்கும்.

5. முதலில் மன்சாமோ, பிறகு சன்பா

பலரும் சன்பாவை முடித்துவிட்டு, போகிற வழியில் மன்சாமோ என்று வைத்துக்கொள்கிறார்கள். நான் மாற்றிவிட்டேன்.

மன்சாமோவில் கம்பியடைப்போடு நடைபாதை உண்டு. அதில் நடந்தால் யானைத் துதிக்கைபோல் கடலில் ஊன்றி நிற்கும் பாறையைப் பக்கவாட்டில் பார்க்கலாம். எல்லோரும் அதைப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் அதன் மேல்பாகத்தைப் பாருங்கள்: பச்சைப் புல், சமதரை, நடக்கலாம்போலத் தோன்றும். அதற்கு நேர் கீழே பார்த்தால் வெறும் காற்று. மேலே நிற்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. இந்த ஒரு பார்வை மனதில் பதிந்தபின் சன்பாவுக்கு வந்தால், 'பின்னால வா' என்று யாரும் கத்த வேண்டியிருக்காது.

வழியில் மாஎதா முனையும் இருக்கிறது. நீலக் குகைக்கு நீந்தப் போகிறவர்கள் படியிறங்கும் இடம். அலை அதிகமானால் அங்கே கடலில் இறங்கத் தடை போடுவார்கள். அதே மேற்குக் கரை என்பதால், மாஎதா மூடியிருந்தால் சன்பாவிலும் பாறையில் இறங்குவதில்லை என்று முடிவெடுத்துவிடுகிறேன்.

6. வந்ததும் இருபது நிமிடம் சும்மா நில்லுங்கள்

கலங்கரை விளக்கத்தின் அருகே, உள்ளே தள்ளி நின்று கடலைப் பாருங்கள். ஏன் இருபது? எட்டு விநாடிக்கு ஒன்று என்றால் 150 அலை. நூறில் ஒன்றாக வரும் பெரிய அலையைப் பெரும்பாலும் ஒருமுறையாவது பார்த்துவிடுவீர்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 'அமைதியாத்தான் இருக்கு' என்பதில் பொருளில்லை.

அலையை மட்டும் பார்க்காதீர்கள், பாறையைப் படியுங்கள். ஈரத்தில் கறுத்திருக்கும் பகுதி எதுவரை? அதன் மேல் விளிம்புதான் இன்றைக்குக் கடலின் கை எட்டிய இடம். அதற்கு மேலே செடியே முளைக்காத வெற்றுப் பாறை எவ்வளவு தூரம் போகிறது? அது இந்த வருஷத்துக் கடலின் கை எட்டிய இடம். குழிகளில் தேங்கிய தண்ணீரை விரலால் தொட்டு நாவில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் மழைநீர் அல்ல.

அங்கே தூண்டில் போட்டு நிற்பவர்களைப் பார்த்து 'அவங்க நிக்கிறாங்களே' என்று போகாதீர்கள். அவர்கள் ஆணி பதித்த காலணி போட்டிருப்பார்கள், இடம் பழகியிருப்பார்கள். அப்படியும் விழுகிறார்கள்.

7. விளிம்பு என்பது நீங்கள் பார்க்கும் விளிம்பு அல்ல

இந்தப் பாறை பழைய பவளத்திட்டு. நம் மொழியில் முருகைக்கல். கடல் மட்டத்தில் உப்புநீர் கரைத்தும், சிறு உயிர்கள் சுரண்டியும், அலை இடித்தும் அடிப்பாகம் உள்வாங்கிப்போகிறது. மேற்பாகம் குடைபோல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஓரத்தில் நிற்பவர் பல இடங்களில் அந்தக் குடையின் விளிம்பில் நிற்கிறார்.

என் விதி: உங்கள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி நில்லுங்கள். கால் தடுக்கினால் உங்கள் நீளத்துக்கு விழுவீர்கள். மீதி நீளம் குடைக்காக.

விபத்துக்கு மிக அருகில் நான் கண்டது படமெடுப்பவரைத்தான், படத்துக்கு நிற்பவரை அல்ல. ஃபிரேமில் கலங்கரை விளக்கம் முழுதாக வரவில்லை என்று தோழி ஒருத்தி திரையைப் பார்த்தபடி பின்னால் நகர்ந்தாள். நாலாவது அடியில் கையைப் பிடித்து இழுத்தேன். திரையில் அவளுக்குத் தெரிந்தது என் முகம் மட்டும். அன்றிலிருந்து எங்கள் குழுவில் கேமராவோடு ஒருவரும் நகரக்கூடாது. நின்று எடு, இல்லையென்றால் கேமராவை இறக்கிவிட்டு நட.

'தாச்சி-இரி கின்ஷி' என்று எழுதிய இடத்தில் நுழையத் தடை. 'அபுனாய்' என்று யாராவது கத்தினால் ஆபத்து என்று பொருள். திரும்பிப் பார்க்காமல் உள்பக்கம் வாருங்கள். குழந்தைகளைக் கையில் பிடியுங்கள், தோளில் தூக்கி வைக்காதீர்கள். காற்று தட்டினால் இருவரும் ஒன்றாக விழுவீர்கள்.

8. பாறைமேல் நடப்பது

மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து, நடுவில் மிஞ்சியது கத்தி முனையாக நிற்கிறது. கீரிமலைக் கரையில் நடந்த யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குப் பழகிய பாறைதான்; இங்கே முனைகள் இன்னும் நீளம்.

நிறத்தைப் பார்த்துக் கால் வையுங்கள். காய்ந்த சாம்பல் நிறம் கூர்மையானது, ஆனால் காலைப் பிடித்துக்கொள்ளும். பச்சையோ பழுப்போ பூத்த ஈரப்பாறை வழுக்கும். அங்கே எந்த ரப்பர் அடியும் உதவாது. புதிதாய் வெளுத்த இடம் அண்மையில் உடைந்தது, பக்கத்தில் இருப்பதும் உடையலாம்.

ஒரு காலை எடுக்கும்போது மற்றக் காலும் ஒரு கையும் ஊன்றியிருக்கட்டும். முனையைப் பிடிப்பதற்கு முன் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், சில கையோடு வந்துவிடும். ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். புல்லும் கொடியும் மூடிய இடத்தில் காலடியில் ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி இருக்கலாம்.

புதியவர்கள் எப்போதும் மறப்பது: இறங்குவது சுலபமாகத் தெரியும், ஏறுவது அல்ல. இரண்டடி இறங்கியதும் நின்று, அந்த இரண்டடியைத் திரும்ப ஏறிப் பாருங்கள். ஏற முடிந்தால்தான் அடுத்த இரண்டடி.

9. வற்றிய பாறைக் குட்டைகளில்

அலை உடையும் பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடலை இவர்கள் 'இனோ' என்கிறார்கள். வற்றத்தில் முழங்கால் அளவு. ஆபத்து அந்தத் திட்டில் இருக்கும் இடைவெளிகளில். உள்ளே வந்த தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் வெளியே ஓடும். வெள்ளை நுரைக்கு நடுவே நுரையில்லாத அமைதியான பட்டை தெரிந்தால் அதுதான் வாய். நிறைய பேர் நீந்த நல்ல இடம் என்று அங்கேதான் போகிறார்கள்.

கடலுக்கு முதுகு காட்டிக் குனியாதீர்கள். சங்கு பொறுக்கக் கூடாது. கூம்புச் சங்கு ஒன்று கொட்டினால் ஆள் இறக்கக்கூடும். கல்போல் கிடக்கும் கல்மீனை மிதித்தால், தாங்கும் சூட்டில், 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை 'ஹபு குராகே' என்ற பெட்டிச் சொறிமீன் வரும். கொட்டிய இடத்தில் தேய்க்காமல் நிறைய வினிகர் ஊற்ற வேண்டும். நீலக் குமிழி மிதக்கும் இன்னொரு சொறிவகைக்கு வினிகர் கூடாது, கடல்நீரில் கழுவினால் போதும். எது கொட்டியது என்று தெரியாவிட்டால் வினிகர் வேண்டாம்.

10. திரும்பும் நேரம்

சூரியன் மறைவது ஜூன் கடைசியில் மாலை 7:25 வாக்கில், டிசம்பரில் 5:40 வாக்கில். மறைவைப் பார்க்க வேண்டுமென்றால் நடைபாதையிலிருந்து பாருங்கள். பாறையை விட்டு அதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏறிவிடுங்கள். இருட்டினால் முனைகள் தெரியாது. 'ஹபு' விரியனும் இரவில்தான் வெளியே வரும், தாழம்புதர் ஓரங்களில். கடித்தால் ஓடாமல் உட்கார்ந்து 119 அழையுங்கள். மருந்து மருத்துவமனைகளில் இருக்கிறது.

11. யாராவது கடலில் விழுந்துவிட்டால்

குதிக்காதீர்கள். குடைந்த பாறைக்குக் கீழிருந்து நீங்களும் ஏற முடியாது.

ஒருவர் 118 அழைக்க வேண்டும், அது கடலோரக் காவல். நிலத்தில் காயம் என்றால் 119. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. இன்னொருவரின் வேலை, விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்பது. கண் ஒருமுறை தப்பினால் அலைக்குள் தலையைத் திரும்பக் கண்டுபிடிப்பது கடினம். மற்றவர்கள் மிதக்கும் எதையும் வீசுங்கள்: மூடிய காலிப் பாட்டில், ஐஸ் பெட்டி.

விழுந்தவர் பாறையைப் பிடிக்க முயலக் கூடாது. அடுத்த அலை அவரை அதே கத்தி முனைகளில் தேய்க்கும். பாறையை விட்டு வெளிப்பக்கம் விலகி, மல்லாந்து மிதந்து காத்திருக்க வேண்டும். ஜப்பான் பள்ளிகளில் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லித்தருகிறார்கள், 'உய்தே மாத்தே', மிதந்து காத்திரு. கிளம்புவதற்கு முன் காரிலேயே யார் அழைப்பது, யார் காட்டுவது என்று பேசிக்கொள்ளுங்கள்.

12. அறைக்கு வந்ததும்

சின்னக் கீறலைக்கூட விடாதீர்கள். ஓடும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே நிற்கும் சுண்ணாம்புத் துகளைப் பல்துலக்கும் மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். வலிக்கும். துகள் உள்ளே தங்கினால் நாலாம் நாள் சீழ் பிடிக்கும். வெதுவெதுப்பான கடல்நீரில் வளரும் சில கிருமிகள் சில மணி நேரத்திலேயே வேலையைக் காட்டும். காயத்தைச் சுற்றி வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், சர்க்கரை வியாதியோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்கள் முக்கியமாக. டெட்டனஸ் ஊசி ஊரிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள், பயணக் காப்பீடும் எடுத்து வையுங்கள்.

காலணியை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் வையுங்கள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், எத்தனை வெட்டு என்று.